அக்காவுக்கு ஓர் அலை

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கு விடுமுறை விட்ட மறுநாள், நாகர்கோவிலிலிருந்து அக்கா ஹைதராபாத் வந்து சேர்ந்தாள். அங்கிருந்து தம்பியோடு பாலித் தீவுக்குப் பயணம். எரிமலையும் படிக்கட்டு வயல்களும் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அதில் பொய்யில்லை. சொல்லாமல் விட்டதுதான் பெரிது.

அக்காவுக்கு 41 வயது, கணித ஆசிரியை. கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவள், ஆனால் நீச்சல் கற்றது ஊருக்கு உள்ளே இருந்த குளத்தில். 24 ஆண்டுகளாகக் கடலில் கணுக்காலை நனைத்ததில்லை. அவள் இப்போது கேட்டது ஒன்றே ஒன்று: அலையின் மேல், ஒரு பலகையில், ஒரே ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டும். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவப் பிள்ளைகளே அலைச்சறுக்கு சொல்லித் தருகிறார்கள், அங்கே போகலாமே என்று தம்பி கேட்டான். அங்கே தன்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது இருப்பார்கள் என்றாள். நனைந்த உடையோடு விழுந்து எழுவதை மாணவன் ஒருவன் பார்த்துவிடக் கூடாது என்ற தயக்கம், நாற்பதைக் கடந்த ஓர் ஆசிரியைக்குக் கடலைக் காட்டிலும் பெரிய தடையாக இருக்கக்கூடும்.

தம்பி அலைகளைப் பற்றி ஆய்வு செய்பவன். ஆறாவது ஆண்டு, கடைசி அத்தியாயம் முடியவில்லை. கணினித் திரையில் இந்தியப் பெருங்கடல் முழுவதையும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் பார்க்கத் தெரிந்தவன், அக்காவுக்கு ஏற்ற கடற்கரை ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிய வேலை என்றே எண்ணினான். ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டான். முதல் கட்டத்தில் அடித்தளம், இரண்டாவதில் காற்று, மூன்றாவதில் அலையின் உயரம்.

அடித்தளத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அலை தன் உயரத்தைவிடச் சற்றே அதிகமான ஆழத்துக்கு வந்ததும் உடையத் தொடங்குகிறது. எப்படி உடைய வேண்டும் என்பதில் தரைக்குப் பெரும் பங்கு உண்டு. கால்வின் என்ற ஆய்வாளர் 1968இல் உடையும் அலைகளை நான்கு வகையாகப் பிரித்தார். அவற்றுள் கற்றுக்கொள்பவருக்கு வேண்டியது, மெல்லச் சரியும் மணற்பரப்பின் மேல் உச்சியிலிருந்து நுரை வழிந்து வழிந்து தணியும் அலை. ஆழத்திலிருந்து திடீரென மேலெழும் பாறையில் மோதும் அலையோ குழல்போலச் சுருண்டு கவிழும். படங்களில் அழகாக இருப்பது இரண்டாவது வகை. பாலியின் பெயரை உலகறியச் செய்ததும் அதுதான். 1971இல் உலுவாத்துவில் படம்பிடிக்கப்பட்ட காட்சிகள் மறு ஆண்டு ஓர் ஆஸ்திரேலியத் திரைப்படத்தில் வெளிவந்தன. அதன்பின் அந்தச் செங்குத்துப் பாறைகளுக்குக் கீழே ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஆகவே உலுவாத்து, பாடாங் பாடாங், பிங்கின் என்று தெற்கு முனையின் புகழ்பெற்ற பெயர்களையெல்லாம் தம்பி முதலிலேயே அடித்துவிட்டான். அங்கே அடியில் இருப்பது பவளப்பார். ஓதம் வற்றிய வேளையில் விழுந்தால் தோல் கிழியும். மேற்கே தொலைவில் உள்ள மெடேவியின் அலை நீளமானது, சாதுவானது. ஆனால் கால் வைக்கும் இடமெல்லாம் உருண்டைக் கற்கள். கிழக்குக் கரையின் சனூர், நூசா டுவா, செராங்கான் ஆகியவற்றை அடிக்கப் பவளப்பாரோடு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பாலியில் காற்று தென்கிழக்கிலிருந்து வீசும். அது கிழக்குக் கரையில் கடலிலிருந்து வந்து அலையைக் குலைக்கும். மேற்குக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போய் அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிக்கும். மழைக்காலத்தில் இது தலைகீழாகும். டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் மேற்குக் கரையில் குலைந்த அலையையும் அதோடு ஒதுங்கும் பிளாஸ்டிக் குப்பையையும் பார்த்துவிட்டு இணையத்தில் திட்டி எழுதுகிறார்கள். மாதத்தைப் பார்க்காமல் இடத்தை மட்டும் பார்த்துப் போனதன் விளைவு அது.

மிஞ்சியவை இரண்டு: சாங்கூவில் உள்ள பத்து போலோங், அதற்குத் தெற்கே கூத்தா, லெகியான், செமின்யாக் என்று பெயர் மாறிக்கொண்டே நீளும் ஒரே மணற்கரை. பத்து போலோங்கின் அலை சோம்பலானது, தொடக்கக்காரருக்கு உகந்தது என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். தம்பி அங்கேயே அறை எடுத்தான்.

எல்லோரும் எழுதியிருந்ததுதான் சிக்கல். முதல் நாள் காலை ஆறரை மணிக்குக் கறுத்த எரிமலை மணலில் அவர்கள் போய் நின்றபோது, ஒரே அலையின் மேல் ஏழெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் விழுந்தவர்கள் நீரில் மிதந்தார்கள். மிதந்தவர்களின் பலகைகள் காலில் கட்டிய கயிற்றின் நீளத்துக்கு இருபுறமும் சுழன்றன. அலை உண்மையாகவே சோம்பலாகத்தான் இருந்தது. அக்கா சிறிது நேரம் எண்ணிப் பார்த்தாள்.

“அறுபத்திமூணு பேரு. இதுல அலைய எதுக்குப் பயப்படணும் மக்களே? பலகைக்கில்லா பயப்படணும்.”

தம்பியின் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

அன்று மதியமே அறையை மாற்றிக்கொண்டு லெகியானுக்கு வந்தார்கள். அகன்ற கரை, ஆட்கள் நெருக்கியடிக்காமல் பரவியிருந்தார்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் விமான நிலைய ஓடுதளம் தெற்கே தெரிந்தது. உயிர்காப்பாளர்கள் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளை நட்டிருந்தார்கள். பலகைகளை அடுக்கிவைத்திருந்த ஒரு மரத்தடியில், ஓலைத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்துவிட்டு ஒரு பயிற்றுநர் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அக்காவை ‘இபு’ என்று அழைத்தார். அம்மா என்று பொருள். நாளைக் காலை வாருங்கள் என்றார்.

மறுநாள் காலை அறையிலேயே தம்பி முன்னறிவிப்பைப் பார்த்தான். உயரம் ஒரு மீட்டர். அவன் தாளில் எழுதியிருந்த எல்லைக்குள்தான். பக்கத்தில் இருந்த இன்னோர் எண்ணில் அவன் கண் நின்றது. 16 நொடி.

அடுத்தடுத்த இரண்டு அலைமுகடுகளுக்கு இடைப்பட்ட நேரம் அது. கடலாடப் போகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆழ்கடலில் 8 நொடி அலையின் நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். 16 நொடி அலைக்கு அது ஏறத்தாழ 400 மீட்டர். நடுக்கடலில் படகில் இருப்பவனுக்கு அது ஏறி இறங்குவதுகூடத் தெரியாது. கரையை நெருங்கும்போதுதான் அது அடித்தளத்தை உணர்ந்து, வேகம் குறைந்து, உயரத் தொடங்கும். உடையும் இடத்தில் ஒரு மீட்டர் ஒன்றரையைத் தாண்டிவிடும். அன்று காலை ஓதமும் வற்றியிருந்தது. லெகியான் கரையில் அலைகள் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே வீச்சில், சுவர் சாய்வதுபோல விழுந்தன. இரண்டு அலைகளுக்கு நடுவில் கடல் கண்ணாடிபோல் கிடந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

“இன்னைக்கு வேண்டாம்க்கா.”

அக்காவுக்குக் கோபம் வந்தது. சம்பளத்தில் ஓராண்டாகச் சேர்த்த பணம், அம்மாவிடம் மறைத்த பயணம், அறை மாற்றிய அலைச்சல், எல்லாம் அந்தக் கோபத்தில் இருந்தன. சிறு பிள்ளைகள்கூட நிற்கிறார்களே என்றாள். அவனுக்குத்தான் பயம் என்றாள். பின்பு, குரலைத் தாழ்த்தி, உனக்கு எப்பவும் பயந்தான், நீ அன்னைக்கு அங்க இல்லவே இல்ல என்றாள்.

அவன் இல்லைதான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு மே மாதக் காலை. காற்றில்லை, மேகமில்லை. கடலுக்குப் போன அப்பாவின் வள்ளம் திரும்பி வந்து கரை தொட இன்னும் ஐம்பது பாகம்கூட இல்லாத இடத்தில், எங்கிருந்தோ எழும்பிய அலையில் குறுக்காகத் திரும்பிப் புரண்டது. மீன் வாங்கக் கூடையோடு கரையில் நின்றவர்களில் 17 வயது அக்காவும் ஒருத்தி. உடன் இருந்த இருவர் நீந்தி வந்தார்கள். வள்ளத்துக்கு அடியில் சிக்கிய அப்பாவை இழுத்துக் கரையில் கிடத்தும்போது நேரம் கடந்திருந்தது. கள்ளக்கடல் என்றார்கள் பெரியவர்கள். காற்றின் அறிகுறி ஏதுமின்றித் திருடனைப்போல வருவதால் அந்தப் பெயர். 2012இல் யுனெஸ்கோ அதை அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. இன்று அதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை வருகிறது. அன்று வந்ததெல்லாம் பெயர் மட்டுமே, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

தம்பி ஆறு ஆண்டுகளாகப் படிப்பது இதைத்தான் என்பது அக்காவுக்குத் தெரியும். அவன் சொல்லாமல் வைத்திருந்தது வேறொன்று. கள்ளக்கடலுக்குக் காரணம் பல்லாயிரம் கிலோமீட்டர் தெற்கே, அண்டார்டிகாவுக்கு மேற்புறமாக, பெருங்கடலில் சுழலும் புயல்கள். அவை எழுப்பும் நெடும் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து குமரிக்கரைக்கு வருகின்றன. பாலிக்கு அலைகளை அனுப்புவதும் அதே தென்கடல்தான். உலகெங்குமிருந்து ஆட்கள் பலகையோடு வந்து காத்திருப்பது அதற்காகத்தான். அந்தக் காலை மணலில் உட்கார்ந்து, விரலால் கோடு போட்டு, அவன் அதைச் சொன்னான். முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஓர் அலை விழுந்தது. அடுத்தது விழும்வரை உதடு அசைய எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பத்து அலைகளுக்கு எண்ணிச் சராசரி எடுத்திருப்பாள்; கணித ஆசிரியை.

“பதினாறுதான்” என்றாள். சற்றுக் கழித்து, “அன்னைக்கு எத்தன?”

“அளக்கதுக்கு அன்னைக்கு ஆளில்லக்கா.”

பயிற்றுநர் தொலைவிலிருந்தே கையை ஆட்டினார்; இன்று இல்லை என்று. அவர் எந்த எண்ணையும் பார்க்கவில்லை.

தொலைவில் பிறந்த அலைக்கூட்டத்தில் நீண்ட இடைவெளி கொண்டவையே வேகமாக ஓடும். அவையே முதலில் கரை சேரும். பின்னால் வருபவற்றின் இடைவெளி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். பொறுத்திருக்கத் தெரிந்தால் அந்தக் கடல் தானே இறங்கிவரும். மறுநாள் 14 என்றாள் அக்கா. அதற்கடுத்த நாள் 13. முன்னறிவிப்பைத் தம்பி பார்ப்பதற்கு முன்பே அவள் கரையில் போய் எண்ணிவிட்டு வந்தாள். எரிமலை பார்க்கப் போகலாமா என்று அவன் கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

ஐந்தாம் நாள் 11 நொடி. உயரம் முக்கால் மீட்டர், ஓதம் ஏறிக்கொண்டிருந்தது, நிலத்துக் காற்று இன்னும் மெலிதாக வீசியது. கரையில் நின்று தம்பி ஓர் இடத்தைக் காட்டினான். இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் நீர் உடையாமல், கொஞ்சம் கருமையாக, அமைதியாகக் கிடந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவன் கையைத் தாழ்த்தினாள்.

“அங்கயா? அது வள்ளம் எறக்குத வழியாக்கும். உள்ள கொண்டு போயிரும்.”

அவன் சொல்ல வந்ததும் அதுவே. கரையில் ஏறிய நீர் கடலுக்குத் திரும்பும் தடம் அது. கடலில் புதிதாக இறங்குபவர்கள் பலரும் ‘அலை இல்லாத நல்ல இடம்’ என்று அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலக வேண்டும் என்பதைப் பாடம் தொடங்குமுன் பயிற்றுநர் மூன்று முறை சொன்னார். அக்கா தலையாட்டினாள். அவளுடைய ஊரில் ஆண்கள் அந்தத் தடத்தைக் கடலுக்குப் போகும் வாசலாகப் பயன்படுத்தினார்கள். பெண்கள் கரையில் நின்றே அதைப் படித்துவைத்திருந்தார்கள்.

ஒன்பது அடிப் பலகை. மேற்புறம் மெத்தென்று பஞ்சு போன்ற நுரைப்பொருள். இடுப்பளவு நீர். உடைந்து வரும் வெள்ளை நுரைதான் முதல் நாளைக்கு அலை. பலகையை உனக்கும் அலைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளாதே, தலைகுப்புறப் பாயாதே, விழும்போது தட்டையாக விழு, மேலே வரும்போது கைகளால் தலையை மறைத்துக்கொள். இவ்வளவுதான் விதிகள். அக்கா பதினோரு தடவை விழுந்தாள். மூக்கில் உப்புநீர் ஏறிக் கண் சிவந்தது. ஒருமுறை நீருக்கடியில் சற்று அதிக நேரம் இருந்துவிட்டு எழுந்தபோது, கரையில் நின்ற தம்பி முழங்காலளவு நீருக்குள் வந்திருந்தான். போ என்று கையசைத்தாள்.

பன்னிரண்டாவது தடவை பயிற்றுநர் பலகையைத் தள்ளிவிட்டார். அக்கா முழங்காலில் எழுந்து, பின் ஒரு காலை ஊன்றி, முதுகு வளைந்தபடி, இரண்டு கைகளையும் கூடை தூக்குபவளைப்போல விரித்து நின்றாள். நான்கு நொடி இருக்கலாம். பலகை மணலில் தட்டி நின்றது. அவள் இறங்கி, திரும்பிக் கடலைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள். தம்பி அருகே போகவில்லை.

அன்று இரவு அம்மா தொலைபேசியில் அழைத்தாள். எரிமலை பார்த்தாயிற்றா என்று கேட்டாள். அக்கா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டிலிருந்து மணல் உதிர்ந்தது.

“கடல்ல எறங்குனேம்மா” என்றாள்.

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. தம்பி திரையைப் பார்த்தான், இணைப்பு அறுந்துவிட்டதோ என்று. அறவில்லை. பிறகு அம்மாவின் குரல் வந்தது.

“தண்ணி எப்பிடி, குளுரா?”

“இல்லம்மா. நம்ம ஊரு மாரிதான்.”