வீடு மகளுக்கு, வயல் யாருக்கு?

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படுமுன், துறையிலே 'பாதை' ஏறி வாவியைக் கடந்தே படுவான்கரையிலுள்ள எங்கள் வயலுக்குச் செல்வோம். செல்வோம் என்கிறேனே, சென்றவள் என் தங்கை. வெள்ளாமை வெட்டும் நாள்களில் வாடியிலே அன்னைக்குத் துணையிருந்தவள் அவள். நானோ நகரத்திலே படித்துக்கொண்டிருந்தேன்.

மட்டக்களப்பில் குடி தாய்வழி வருவது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் சேர்வது. வயலும் அவ்வாறே அவளைச் சேரும் என்றிருந்தோம். அரசாங்கக் காணியின் அனுமதிப்பத்திரம் ஊர் வழக்கத்தை அறியாது என்பது தந்தையார் மறைந்த பின்னரே விளங்கிற்று. அவர் பின்னுரித்தாளராக எவரையும் பதிந்திருக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அன்னை தம் ஆயுள்வரை அதனை அனுபவிக்கலாம்; தமக்குப்பின் இன்னார் என்று நியமிக்க அவருக்கு அதிகாரமில்லை. அன்றைய விதியில் மகன் முதல், மகள் பின்னர். சேற்றில் கால் வைக்காத எனக்கு வயலாம்! தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அதுவே என்னைச் சுட்டது.

2022இல் சட்டம் திருத்தப்பட்டு ஆண், பெண் வேற்றுமை நீக்கப்பட்டது. எனினும் நியமனம் உரியவர் உயிரோடிருக்கையில் பதியப்பட்டாலன்றிச் செல்லாது. சென்ற மாதம் இதனைப் பெரியப்பாவிடம் எடுத்துரைத்தேன்.

"சாவை அழைக்கிறாயா, மகன்?" என்று பெரியம்மா கடிந்துகொண்டார்.

பெரியப்பா பதில் பேசாது பெட்டகத்தைத் திறந்து, மடித்து வைத்திருந்த பத்திரத்தை எடுத்தார். "பிரதேச செயலகம் எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்றார்.