வேடந்தாங்கல் ஏரிக்கரையில்

ஒரகடம் என்றதும் இக்காலத்தில் மோட்டார்த் தொழிற்சாலைகள்தாம் நினைவுக்கு வருகின்றன. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அங்கே செல்லும் சாலையின் இருமருங்கிலும் நீண்ட மதில்கள். ஆயினும் மதிலுக்கும் மதிலுக்கும் இடையே திடீரென்று ஓர் ஏரிக்கரை தலைகாட்டும். பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு 'ஏரி ஜில்லா' என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை!

அந்த ஏரிகளின் மகிமையை அறிய விரும்பும் நேயர்கள், சிங்கப்பெருமாள் கோவிலை அடைந்து, தெற்கே செங்கற்பட்டையும் பாலாற்றையும் கடந்து, படாளத்தில் வலப்புறம் திரும்ப வேண்டும். சிறிது நேரத்தில் வேடந்தாங்கல் வந்துவிடும். வேடர்கள் தங்கிய இடம் என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். தாங்கல் என்றால் சிற்றேரி என்றும் பொருளுண்டு. வேடர் பெயரைத் தாங்கிய ஊர் பட்சிகளுக்கு அபயம் அளிப்பது வேடிக்கைதானே?

ஏரியின் விஸ்தீரணம் சுமார் 74 ஏக்கர்தான். கரைமேல் மரநிழலில் நல்ல பாதை இருக்கிறது. ஏற்ற இறக்கம் கிடையாது. குழந்தைகளும் முதியவர்களும் சிரமமின்றி நடக்கலாம். கரையிலிருந்து பார்த்தால் நீரின் நடுவே நீர்க்கடம்ப மரங்கள் கழுத்தளவு மூழ்கி நிற்கும். அவற்றின் கிளைகளெல்லாம் கூடுகள்! கூழைக்கடாவும், மஞ்சள் மூக்கு நாரையும், கரண்டிவாயனும், நீர்க்காகமும் ஒரே மரத்தில் மாடிக்கு மாடி குடியிருக்கின்றன. நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். வயல் நத்தைகளைப் பிடித்து உண்பதற்கு ஏற்ற அலகு அது. அங்குள்ள காவற்கோபுரத்தின்மீது ஏறினால் இந்தக் குடித்தனங்கள் அனைத்தையும் ஒரே பார்வையில் காணலாம்.

பட்சிகளை இவ்வூரார் காப்பது வெறும் ஜீவகாருண்யத்தினால் மட்டுமல்ல. பட்சிகளின் எச்சம் விழுந்து ஏரிநீர் உரமாகிறது. அந்நீர் பாயும் வயல்கள் செழிக்கின்றன. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பட்சிகளைச் சுட்டபோது குடியானவர்கள் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் சென்று முறையிட்டார்களாம். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை ஒப்புக்கொண்டு உத்தரவளித்தார் என்பது ஊர் வரலாறு. மதுராந்தகம் ஏரியை ராமலட்சுமணர்கள் காவல் காக்கக் கண்டதாகக் கதை சொல்லப்படுகிறதே, அந்தக் கலெக்டர்தான் இவர்! தீபாவளியன்றும் வெடி வெடிக்காமல் இருப்பது இவ்வூர் வழக்கம்.

நம்முடன் வந்த மாணவர்களில் ஒருவன் வெகுநேரம் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஸார், இத்தனை பட்சிகளுக்கும் இந்த ஏரி மீன் போதுமா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. போதவே போதாது. வேடந்தாங்கல் அவற்றுக்கு வீடு. சமையற்கட்டு வெளியே இருக்கிறது. காலையில் புறப்பட்டுச் சுற்றுப்புறத்து ஏரிகளிலும் நெல்வயல்களிலும் இரை தேடி, குஞ்சுகளுக்குக் கொண்டுவருகின்றன. ஆகவேதான் 1998-ல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரையில் சரணாலய எல்லை விரிவாக்கப்பட்டது. 2020-ல் அந்த எல்லையைக் குறைக்கும் யோசனை ஒன்று எழுந்து, பலத்த எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேசச் சிறப்புடைய ஈரநிலம் என்ற அந்தஸ்தும் கிடைத்தது.

எனினும், எல்லைக்கல் நட்டுவிட்டதால் மட்டும் பட்சிகள் வந்துவிடமாட்டா. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் மரங்கள் வெறுமையாய் நிற்கும். மழை பெய்தும், சுற்றிலுமுள்ள ஏரிகளின் வரத்துக் கால்வாய்கள் அடைபட்டிருந்தால் என்ன பயன்? ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால்தான் அடுத்த ஏரிக்கு நீர் என்று நம் முன்னோர் சங்கிலிபோல் கோத்து வைத்தார்கள். ஒரு கண்ணி அறுந்தால் அதற்குக் கீழே எத்தனை அறும் என்பதைத் தொழிற்சாலைக்கு இடம் தேடுகிறவர்களும், வீட்டுமனை வாங்கும் நாமும் யோசிக்க வேண்டும்.

நவம்பர் முதல் மார்ச்சு வரையில் இங்கே வரலாம். மாலை நான்கு மணிக்கு வந்து, இருட்டும் வரை இருப்பது உத்தமம். இரை தேடப் போன கூட்டங்கள் நாலா திசைகளிலிருந்தும் வரிசை வரிசையாகத் திரும்பும். அவை எந்தெந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று குழந்தைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். அந்தத் திசையிலெல்லாம் இன்னும் நீருள்ள ஓர் ஏரி இருக்கிறது என்பது அர்த்தம்.