ஏரல் கடைவீதிக் குறிப்புகள்

டிசம்பர் 23, 2023

தண்ணீர் வடிந்து இன்றுதான் என் டிசைன் கடையின் ஷட்டரைத் தூக்க முடிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்கிறார்கள். தாமிரபரணி எங்கள் கடைவீதிக்குள்ளேயே ஓடியிருக்கிறது. சிபியூவைச் சாய்த்தால் சேறு ஒழுகுகிறது. வேலை பார்த்த ஹார்டு டிஸ்க்கும் நகல் வைத்த ஹார்டு டிஸ்க்கும் ஒரே பீரோவில் இருந்தன. இந்த ஊர்க் கடைகளின் பெயர்ப் பலகைகள், கல்யாணப் பத்திரிகைகள், நினைவஞ்சலிகள் எல்லாம் அவற்றுக்குள். எது யாருடையது, எந்த வகைக் கோப்பாக இருந்தது என்று நினைவு கலைவதற்குள் எழுத வேண்டும்.

டிசம்பர் 25

கரண்ட் இல்லை.

டிசம்பர் 29

பலசரக்குக் கடை அண்ணாச்சி வந்தார். அவர் கடைப் பலகையை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. "தம்பி, அதே தராசுப் படம் போட்டு 20 அடிக்கு ஒரு ஃபிளெக்ஸ் அடிச்சுக் குடுங்க. பொங்கலுக்குள்ள கடையத் திறக்கணும்" என்று போனை நீட்டினார். எப்போதோ நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜேபிஜி. அகலம் 1600 பிக்ஸல். அங்குலத்துக்கு 300 என்று அச்சடித்தால் ஐந்து அங்குலம் துல்லியமாக வரும். 20 அடிக்கு விரித்தால் அங்குலத்துக்கு 7 பிக்ஸல்கூடத் தேறாது.

"படம் தெளிவாத்தானே இருக்கு?" என்றார்.

போனில் தெளிவுதான். ஜேபிஜி படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் படாத நுட்பங்களைத் தூக்கிப் போட்டுவிடும். 1992-இல் இந்த முறையை வகுத்தவர்கள் புகைப்படத்தை மனதில் வைத்தே வகுத்தார்கள். முகம், வானம், இலை இவற்றில் இழப்பு தெரியாது. எழுத்தின் ஓரத்திலும் கோட்டின் ஓரத்திலும் அழுக்காகப் படியும். திருத்தித் திருத்தி மறுபடி சேமித்தால் இன்னும் கூடும். கோரல் என்ற வரைகலை மென்பொருளில் நான் வரைந்த தராசு புள்ளிகளால் ஆனதல்ல, வளைவுகளின் கணக்கு. ரப்பர் ஸ்டாம்புக்கும் சுவருக்கும் அந்த ஒரே கோப்பு போதும்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், "அது எங்கப்பா தகரத்துல எழுதி வச்ச தராசு தம்பி. வேற மாதிரி வேண்டாம்" என்றார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி 3, 2024

திருநெல்வேலியில் ஹார்டு டிஸ்க் மீட்பவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். "பேரெல்லாம் எதிர்பாக்காதீங்க சார், வர்றது வரட்டும்" என்றார். கோப்புகளின் பட்டியல் அழிந்துவிட்டால், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் உள்ள அடையாளத்தை வைத்தே தேடுவார்களாம். பிடிஎஃப் தன் பெயரையே தலையில் எழுதி வைத்திருக்கும். ஜிஃப்பும் அப்படித்தான். பஸ் வரும் வழியெல்லாம் அந்த ஒரு விஷயம் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஜனவரி 9

கொஞ்சம் வந்திருக்கிறது. பல ஜேபிஜிகளில் மேல்பாதி படம், கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். சுருக்கிய தகவலில் ஒன்றைப் பிடித்துத்தான் அடுத்ததைப் படிக்க முடியும். நடுவில் அறுந்தால் மிச்சம் போயிற்று. பிஎன்ஜிகள் சில திறக்கவே மறுக்கின்றன. ஒரு புள்ளியும் மாறக்கூடாது என்று தன்னைத்தானே சரிபார்க்கும் கோப்பு அது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

டீச்சரம்மாவின் வீட்டுக்காரர் படத்தைத் தேடினேன். அவர்கள் வீட்டில் இருந்த ஒரே பிரிண்டும் தண்ணீரில் போய்விட்டது. ஸ்கேன் செய்த ஜேபிஜி நெற்றியோடு முடிந்தது. அதே படம் சுருக்காத டிஃப் ஆகவும் கிடந்தது. இடத்தை அடைக்கிறது என்று தொழிலில் பலரும் ஒதுக்கும் வகை. வரி வரியாக அப்படியே எழுதியிருப்பதால் கெட்ட இடம் மட்டுமே கெட்டிருந்தது: சட்டையின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை, முகம் முழுதாக. சாயங்காலம் வந்து பார்த்தார்கள். "அவுக சட்டை எப்படி இருந்தா என்ன தம்பி, சிரிப்பு வந்துட்டுல்லா" என்றார்கள்.

அந்தப் பட்டையை நான் சரிசெய்யவில்லை. செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜனவரி 15

பொங்கல். அண்ணாச்சி பலகை இல்லாமலே கடையைத் திறந்தார்.

ஜனவரி 22

மீண்டுவந்த கோரல் கோப்பு ஒன்றைத் திறந்தேன். கல்யாணப் பத்திரிகை. மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக. யூனிகோடு அல்லாத பழைய தமிழ் ஃபாண்ட். அது இந்தக் கணினியில் இல்லை. இன்னொரு கோப்பு, புதிய பதிப்பில் சேமித்தது; இங்கே உள்ள பழைய கோரல் திறக்காது என்கிறது. கோபமாக வருகிறது. நாம் வரைந்ததைத் திறக்கும் சாவி இன்னொருவர் கையில் இருப்பது நியாயமே இல்லை. 1994-இல் ஜிஃப் மென்பொருளுக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமைக் கட்டணம் கேட்டபோது இதே கோபத்தில்தான் பிஎன்ஜி பிறந்தது. படத்தை வளைவுகளின் கணக்காகவே வைக்கும் எஸ்விஜியும் 2001 முதல் யாவருக்கும் திறந்த தரம். எங்கள் தொழிலில் அதைக் கேட்பார் குறைவு.

ஜனவரி 27

சிவகாசி அச்சகத்திலிருந்து போன். அண்ணாச்சியின் பில் புத்தகத்துக்கு நான் அனுப்பிய பிடிஎஃப் அவர்களிடம் இருக்கிறது! திறந்து பெரிதாக்கிக்கொண்டே போனேன். தராசின் ஓரம் உடையவே இல்லை. கோடு கோடாகவே இருந்தது. எழுத்துகளையும் கர்வாக, அதாவது வளைவுக் கோடுகளாக, மாற்றியிருந்ததால் அவையும் பிழைத்தன. ஆனால் பில் புத்தகம் ஒற்றை நிறம். தட்டின் மஞ்சளையும் பின்னணிப் பச்சையையும் அண்ணாச்சி போனில் இருந்த அந்த ஜேபிஜியிலிருந்துதான் எடுத்தேன்.

பிப்ரவரி 6

பலகை ஏறிவிட்டது. பெயரில்லாத கோப்புகள் இன்னும் நிறைய. எத்தனையோ வீட்டுப் படங்கள் வரவே இல்லை. இனி வரும் என்றும் தோன்றவில்லை.

கடைச் சின்னம் வரையக் கொடுப்பவர்கள் ஜேபிஜியோடு திருப்திப்பட வேண்டாம். எழுத்தைக் கர்வாக மாற்றிய பல நிறப் பிடிஎஃப் ஒன்று, எஸ்விஜி ஒன்று, பழைய புகைப்படமானால் டிஃப் ஒன்று கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து. ஒரு நகலை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.