இந்தப் பதிவில் படம் இல்லை



2024 நவம்பர் வெள்ளத்தில் நம்மட ஊரில் ஒரு வீட்டுச் சுவர் விழுந்தது. வாப்பா வயல் கூலி. வயல் மூழ்கியதால் வேலையும் இல்லை. பாடசாலை திறந்தும் இரண்டு வாரமாகப் பிள்ளை வரவில்லை. இடாப்பில் வரவில்லை என்று குறித்தோமே தவிர, ஏன் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அது எங்கள் பிழை.

தெரிய வந்ததும் ஜும்ஆவுக்குப் பிறகு பேசினோம். மேசன்மார் கூலி வாங்காமல் சுவர் கட்டினார்கள். பக்கத்துத் தமிழ்க் கிராமத்துச் சகோதரர் உழவு இயந்திரத்தில் மணல் ஏற்றித் தந்தார். கடைக்காரக் காக்கா கடன் கொப்பியில் அந்தப் பக்கத்தையே கிழித்தார்.

"போட்டோ மட்டும் எடுக்காதீங்க சேர், புள்ள வெட்கப்படும்" என்றார் உம்மா. எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பிள்ளை வகுப்புக்கு வந்தது.

உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை பாடசாலை போகுதா? ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.