உப்பைக் கழுவ ஒரு நாழித் தண்ணீர்

டிக்கியைத் திறந்து பார்த்தார், கண்ணாடி பொருத்திய கம்பியைக் காருக்கு அடியில் விட்டுப் பார்த்தார். காவலாளிக்கு எதிலும் சந்தேகம் வரவில்லை. அம்மாவின் காலடியில் இருந்த ஐந்து லிட்டர் கேனைக் கண்டதும் வந்துவிட்டது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இதெந்தா?"

"ஆத்துத் தண்ணி" என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். "வெள்ளம், குடிக்கான்" என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தைச் சொன்னேன். கதவு திறந்தது.

கோவளம் என்று முடிவானதற்குக் காரணம் கணக்குதான். ஆடியில் குற்றாலத்தில் நல்ல அறை கிடைக்காது; கிடைத்தாலும் வாடகையைக் கேட்டதுமே அருவிக்குப் போகாமல் உடம்பு நடுங்கும். மலைக்கு மேற்கே அதே நாளில் அடைமழை. கடலில் இறங்க விடமாட்டார்கள் என்று கோவளத்துக்கு ஆள் வராது, பெரிய பெரிய ஓட்டல்கள் எல்லாம் பாதி வாடகைக்கு இறங்கிவரும். மேற்கே கொட்டித் தீர்த்த மேகத்தின் மிச்சம்தான் கணவாய் தாண்டி நமக்குச் சாரலாக வருகிறது. மிச்சத்துக்கு முழு வாடகை, முழு மழைக்குப் பாதி வாடகை. மகள் போனில் பார்த்து, "காலைச் சாப்பாடும் சேர்த்திப்பா" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

பக்கத்து வீட்டு மைனி மட்டும் "எந்தக் கோவளம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சென்னைக்குத் தெற்கே ஒன்று, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒன்று, திருவனந்தபுரத்தை ஒட்டி இன்னொன்று. எங்கள் வீட்டில் கோவளம் என்றால் மூன்றாவதுதான், அப்பாவால்.

எழுபத்தாறோ எழுபத்தேழோ, அப்பா அலுவலகத்தில் வேன் பிடித்துத் திருவனந்தபுரம் போய்வந்தார். பத்மநாப சுவாமி கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை, மிருகக்காட்சி சாலையைப் பற்றி இரண்டு வார்த்தை. மீதி எல்லாம் கோவளத்தில் மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் புதிதாகக் கட்டியிருந்த ஓட்டலைப் பற்றித்தான். வரைந்தவர் சார்லஸ் கொரியா என்பதெல்லாம் நான் பின்னால் படித்தது. மணலில் கட்டடத்தை நட்டுக் கடற்கரையைக் கெடுக்காமல், குன்றின் சரிவிலேயே அறைகளைப் படிப்படியாக இறக்கியிருந்தார். எந்த அறையில் நின்றாலும் கடல் தெரியும். அப்பாவுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. "நவராத்திரிக்குக் கொலு வச்சாப்புல இருக்கு. படிக்கு ஒரு வரிசை ரூம்பு" என்றார்.

"உள்ள போனியளா?" என்று அம்மா கேட்டாள்.

"உள்ள எவன் விடுவான்? வெளிய நின்னு பாத்தோம்."

அதற்கப்புறம் ஒவ்வொரு நவராத்திரிக்கும் படி கட்டும்போது அம்மா கோவளத்தை நினைத்திருக்க வேண்டும். நாங்கள் தங்கிய ஓட்டல் வேறு, பெயர் வேண்டாம். வாசலில் இறங்கியதும் நிமிர்ந்து பார்த்தவள், "படியையே காணோமேடா" என்றாள். அது வேற ஓட்டல்மா என்றேன். முகம் துடைத்துக்கொள்ளச் சில்லென்ற ஈரத்துண்டை மூங்கில் தட்டில் வைத்து நீட்டினார்கள். அவள் அதை வாங்கி, சோபாவில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்துக் கட்டிக்கொண்டாள். நாலு மணி நேரம் காரில் மடங்கியிருந்த கால்.

அறை நன்றாகவே இருந்தது. கடலைப் பார்த்த பால்கனி, அதில் இரண்டு பிரம்பு நாற்காலி. ஆனால் கடற்கரையில் சிவப்புக் கொடி. நீலச் சட்டை போட்ட உயிர்காப்பாளர்கள் மணலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, முழங்காலைத் தாண்டி எவன் இறங்கினாலும் விசில் ஊதினார்கள். பால்கனிக்கு நேர் கீழே நீச்சல்குளம். அலை வந்து விழும் இடத்துக்கும் குளத்துக்கும் ஐம்பது அறுபது தப்படி இருந்தால் அதிகம். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏழெட்டுப் பேர் அதில் மிதந்தார்கள்.

அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கடலைப் பக்கத்துல வச்சிக்கிட்டுத் தொட்டியில குளிக்காவ."

எங்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர். திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறி ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டு உட்கார்ந்தால், 1923-ல் போட்ட அந்த மீட்டர் கேஜ் பாதை தாமிரபரணி ஆற்றை விட்டும் விடாமலும் போகும். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி. பெயர்களைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே வருவோம். வயலும் வாழையும் அதுவரைதான். ஆறு புன்னைக்காயலைப் பார்க்க ஒதுங்கிவிடும், ரயில் நாசரேத்துக்குத் திரும்பும். பனை வரும். ஆறுமுகநேரியில் உப்பளம் கண்ணைக் கூசும். காற்றில் ஒரு பிசுபிசுப்பு ஏறும். ஆச்சி கையைத் தூக்கிக் கும்பிடுவாள். கோபுரம் தெரிய இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கும்.

(அதே தடத்தில்தான் 2023 டிசம்பர் 17 ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. நூற்றுக்கணக்கான பேர் நாள் கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு அந்தப் பிளாட்பாரத்தில் விற்கும் வெள்ளரிப்பிஞ்சுதான் ஞாபகம் வந்தது.)

திருச்செந்தூரில் எங்கள் தங்கல் ஒரு சத்திரத்துத் தாழ்வாரம். பதினோரு பேருக்கு இரண்டு ஜமுக்காளம். தலையணைக்குத் துணிமூட்டை. வாழை இலையில் கட்டிய புளியோதரை இரண்டாம் நாளும் தாங்கும், அதற்கென்றே எண்ணெயைக் கூடுதலாக விட்டிருப்பாள் சித்தி. ராத்திரி முழுக்கக் கடல் இரையும். புரண்டு படுத்தால் மணல் நெறுநெறுக்கும். கோவளத்து மெத்தையில் அந்த மணல் இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும், பொய். நன்றாகத் தூங்கினேன்.

காலையில் முதலில் கடல். மூழ்கி எழுந்ததும் ஈரத்துணியோடு நேரே நாழிக்கிணறு. இந்த வரிசையை மாற்ற ஆச்சி விடமாட்டாள். படியிறங்கிப் போனால் ஒரு கிணறு, அதற்குள்ளே ஏறக்குறைய ஓரடிச் சதுரத்தில் இன்னொரு குட்டிக் கிணறு. அலை இரைச்சல் தலைக்கு மேல் கேட்கிற இடத்தில் அத்தனை தித்திப்பாகத் தண்ணீர். சூரனோடு சண்டை போட்டுக் களைத்த படைக்குத் தாகம் தீர்க்க முருகன் வேலால் குத்தியது என்பார்கள். உள்ளே நிற்பவர் கோரிக் கோரித் தலையில் விடுவார். முதல் வாளியில் உடம்பு திடுக்கிடும்; உதட்டில் இருந்த உப்பு வழிந்து, அடுத்த வாளியில் காணாமல் போகும். அதற்கப்புறம்தான் சந்நிதி, பன்னீர் இலை விபூதி, வெளியே வந்து சில்லுக்கருப்பட்டி.

உப்புக்கடல் பக்கத்தில் எப்படி நல்ல தண்ணீர் என்று எட்டாம் வகுப்பில் பூகோள வாத்தியாரிடம் கேட்டேன். சாமி சமாசாரம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு கண்ணாடித் தம்ளரில் உப்பைக் கரைத்து, இரண்டு சொட்டு மை விட்டு, அதன் மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் வழியவிட்டார். கீழே நீலம், மேலே வெள்ளை. "உப்புத் தண்ணி கனம்லே. மழைத் தண்ணி மணல்ல இறங்கி அது மேல மிதக்கும்" என்றார். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். திருச்செந்தூருக்கு மேற்கிலும் தெற்கிலும் கிடக்கிற செம்மண் தேரி, பெய்கிற மழையை எல்லாம் இப்படித்தான் குடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு அவர் ஒரு ஸ்டிராவை விட்டு மேல் தண்ணீரை வெடுக்கென்று உறிஞ்சினார். நீலம் மேலே ஏறிவந்தது. "அவசரப்பட்டா இப்படித்தான். அதான் நாழிக்கிணறு."

நாழி என்பது ஆச்சி அரிசி அளந்த அளவு. அளந்து எடுத்ததால் அந்தக் கிணறு இருக்கிறது. மோட்டார் வைத்து இறைத்த பிறகு உடன்குடிப் பக்கம் எத்தனையோ தோட்டக் கிணறு உப்பாகிவிட்டது.

இரண்டாம் நாள் காலை ஓட்டலில் குழாய் உஸ்ஸென்றது, பிறகு நின்றது. கீழே போன் செய்தால், மழையில் டேங்கர் லாரி தாமதம், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அறைக்கு நாலு பாட்டில் தண்ணீர் தட்டில் வந்தது, கூடவே ஒரு மன்னிப்புச் சீட்டும் இரண்டு செம்பருத்திப் பூவும். பால்கனியில் இருந்து பார்த்தேன். குளம் விளிம்பு வரை ததும்பி, ஓரச் சல்லடையில் வழிந்துகொண்டிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் கேனைத் திறந்து ஒரு தம்ளரில் விட்டுப் பல் தேய்த்தாள். கெட்டிலில் ஊற்றி எல்லாருக்கும் காபி போட்டாள்.

ஆத்துத் தண்ணி என்றாலும் அது ஆற்றில் நேரே மொண்டது இல்லை. குறுக்குத்துறைப் படித்துறையில் குடத்தைக் கவிழ்த்து எடுத்துவந்து அப்படியே குடித்த காலம் போய்விட்டது. இப்போது அங்கே சாக்கடை கலக்கிறது. வீட்டுக் குழாயில் பிடித்து, கொதிக்கவைத்து, ஆறவைத்து ஊற்றியது. ஆனாலும் அம்மாவுக்கு அது ஆத்துத் தண்ணிதான். கல்யாணத்துக்குப் போனாலும் மெட்ராசுக்குப் போனாலும் கேன் கூட வரும். அல்வா ருசிக்கே ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று நம்பும் ஊர் நாங்கள், எங்களைத் திருத்த முடியாது.

குறுக்குத்துறை என்றதும் இன்னொன்று. ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது அந்த முருகன் கோயில். வெள்ளத்துக்கு வெள்ளம் முங்கும். அங்கே உள்ள பாறையில் செதுக்கித்தான் திருச்செந்தூர்ச் சாமி சிலையைக் கொண்டுபோனார்கள் என்று ஆச்சி சொல்வாள். கடலோரத்தில் நிற்பவர் ஆற்றுப் பிள்ளை. நல்ல தண்ணீர் இல்லாமல் அவரால் எப்படி இருக்க முடியும் என்பது அவள் கட்சி. வாத்தியாரின் தம்ளரும் ஆச்சியின் கட்சியும் என் தலைக்குள் சண்டை போட்டதே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் மழை விட்டது. கொடி இறங்கவில்லை, ஆனால் கால் நனைக்கலாம் என்றார்கள். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நுரையில் நின்றாள். எதிரே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. "நம்ம கடல்ல எந்திரிக்கிறவரு இங்க வந்து படுக்காரு" என்றாள். குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்தாள், மூன்று தடவை. நான் பிடிப்பதற்குள் ஒரு அலை வந்து இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போனது. விசில் ஊதினான்.

திரும்பி வரும்போது, மணல் முடிந்து புல்தரை தொடங்கும் இடத்தில், விருந்தினர் கால் கழுவ ஒரு குழாயும் தலைக்கு மேல் ஒரு ஷவரும் இருந்தன. துண்டு அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில் ஒரு பையன். அம்மா சேலையோடு அப்படியே ஷவருக்குக் கீழே போய் நின்றாள். தண்ணீர் தலையில் விழுந்ததும் தோளைக் குலுக்கினாள். ஒரு கை ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தாள்.

"ஏ தம்பி, இது எந்த ஆத்துத் தண்ணி?"

"ஆறு இல்லம்மா, லாரி." பையனுக்குத் தமிழ் வந்தது. களியக்காவிளைச் சந்தைக்குப் போய்வந்து படித்ததாம்.

"லாரி எங்கருந்து பிடிச்சிட்டு வருது?"

அவனுக்குத் தெரியவில்லை. அம்மா விடவில்லை. "உனக்கு எந்த ஊரு?"

"நெய்யாற்றின்கர."

"பேருலயே ஆறு இருக்கு. தண்ணி ஓடுதா?"

"நல்லா ஓடும்மா. நெய்யாறு. அகஸ்தியகூடத்துல இருந்து வருது."

அம்மா ஷவரை விட்டு வெளியே வந்தாள். "அகத்தியர் மலையா? அது எங்க பொதிகைல்லா!"

1868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது அந்தச் சிகரம். மேற்கே வழிந்தால் நெய்யாறு, கிழக்கே வழிந்தால் தாமிரபரணி. பையன் சிரித்தான். அவன் துண்டை நீட்டியதை அம்மா கவனிக்கவில்லை. "ரூம்புல கேன் இருக்கு, எடுத்துட்டு வா" என்று என்னை விரட்டினாள்.

எடுத்துவந்தேன். அடியில் ஒரு லிட்டர் கிடந்திருக்கும்.

"குடிச்சுப் பாரு. இது மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணி."

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கேனை வாங்கினான். இரண்டு கையாலும் தூக்கி, உதடு படாமல், அண்ணாந்து குடித்தான்.