பழி குழலுக்கு, பழுது வேறெங்கோ!

விளக்கு எரியாத வீட்டில் முதற்பழி குழலின் மீதே விழுகிறது. கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதானே! உடனே கடைக்கு ஆள் அனுப்பிப் புதுக் குழல் வாங்கி மாட்டுகிறோம். குற்றம் புரிந்ததோ, பல வேளைகளில், அதன் அருகே வாய்மூடி அமர்ந்திருக்கும் வேறொன்று.

பழைய குழல் விளக்கின் அமைப்பை அறிந்தவர்க்கு இந்த வீண்செலவு இல்லை. நாற்பது வாட் குழல் என்பது நான்கடி நீளக் கண்ணாடிக் குழாய். உள்ளே சிறிதளவு பாதரசமும் ஆர்கான் வாயுவும் உண்டு, இருமுனைகளிலும் டங்ஸ்டன் இழைகள், உட்சுவரில் வெண்பூச்சு. மின்னோட்டம் பாதரச ஆவியினூடே பாயும்போது கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர்கள் எழுகின்றன. அவற்றை வெளிச்சமாக்கித் தருவது அந்தப் பூச்சே. 1938-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவிய இவ்விளக்கிற்கு இரு குறைகள் உண்டு. தானே எரியத் தொடங்க அதற்கு இயலாது. தொடங்கிய பின் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளவும் தெரியாது. தொடங்கி வைப்பது ஸ்டார்ட்டர். அடக்கி ஆள்வது சோக்.

திண்டுக்கல் பேகம்பூரில், 1980-களில், இதை எனக்கு விளக்கியவர் என் பெரியத்தா. பூட்டுப் பட்டறையில் கைதேய்ந்தவர். பழைய ஸ்டார்ட்டர் ஒன்றின் மூடியைக் கழற்றி, உள்ளிருந்த சிறு கண்ணாடிக் குமிழையும், அதனுள் வளைந்து நின்ற உலோகத் தகட்டையும் காட்டினார்.

“இதுவும் ஒரு பூட்டுத்தான் தம்பி. சூடேறினால் மூடிக்கொள்ளும், ஆறினால் தானே திறந்துகொள்ளும். திறக்கிற நேரத்தில்தான் வெளிச்சம் பிறக்கிறது.”

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. தகடு மூடியிருக்கையில் மின்னோட்டம் இழைகளைச் சூடாக்குகிறது. தகடு விலகும் நொடியில் சோக், பல நூறு வோல்ட் அழுத்தத்தை ஒரே உந்தாக உந்துகிறது, குழல் எரிகிறது. அதன்பின் ஸ்டார்ட்டருக்கு வேலை இல்லை. கழற்றி எடுத்தாலும் விளக்கு அணையாது. சோக்கோ, மின்னோட்டம் அரை ஆம்பியரைத் தாண்டாமல் இறுதிவரை காத்து நிற்கிறது.

ஆகவே பழுதைத் தேடுவோர் மலிவான பொருளிலிருந்து தொடங்குவதே முறை. முனைகள் இரண்டும் செந்நிறமாய் ஒளிர்ந்து நடுப்பகுதி இருண்டிருந்தால், ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டது என்று கொள்க. சிறிதும் அசைவே இல்லையெனில், குழலைச் சற்றுத் திருப்பி ஹோல்டரில் சரியாகப் பொருந்தச் செய்து, பக்கத்து அறை ஸ்டார்ட்டரை மாட்டிப் பார்க்கலாம். முனைகள் கன்னங்கரேலென்று கறுத்து, விளக்கு மின்னி மின்னி அணைந்தால் குழலுக்கு வயதாகிவிட்டது. சோக் இரைந்தால் அதன் இரும்புத் தகடுகள் தளர்ந்திருக்கலாம். சுவிட்சை அணைத்த பின்னும் குழலில் மெல்லிய ஒளி தங்கினால், சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் இருக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. உடனே அறிந்தவரை அழைக்க வேண்டும்.

எல்லாப் பழுதும் வீட்டுக்குள் இருப்பதுமில்லை. எங்கள் சமவெளி கிணற்றுப் பாசன நிலம். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து, மஃரிப் வேளையில் விளக்குகள் துடித்துக்கொண்டேயிருந்த நாட்கள் பல. ஒவ்வொரு துடிப்பும் இழையின் பூச்சை அரித்துக் குழலின் ஆயுளைக் குறைக்கும். அழுத்தம் மீளும்வரை அணைத்து வைப்பதே சிக்கனம்.

பக்கத்து வீட்டில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த விதவைத் தாயார் ஒருவர் இருந்தார். ஒரே வாரத்தில் இரு புதுக் குழல்கள், மாட்டிய மாத்திரத்தில் பளீரென்று மின்னிக் கருகின. பழுது பார்க்க வந்தவர் மூன்றாவது வாங்கச் சொன்னார். இரவுத் தையல் நின்றால் மறுநாள் அடுப்பும் நிற்கும் குடும்பம் அது. பெரியத்தா சோக்கைக் கழற்றி, நூறு வாட் குமிழ் விளக்கு ஒன்றுடன் தொடராக இணைத்துப் பார்த்தார். நல்ல சோக் எனில் குமிழ் மங்கி எரிய வேண்டும். அதுவோ முழு ஒளியுடன் எரிந்தது. சோக்கின் உட்சுற்றுகள் ஒட்டிப்போயிருந்தன. மூன்றாவது குழலையும் அது தின்றிருக்கும். சோக் மாறியது, அன்றிரவே தையல் இயந்திரத்தின் ஓசை கேட்டது.

இன்று எல்.இ.டி. விளக்குகள் அவ்விடத்தைப் பிடித்துவிட்டன. 2023-இல் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், பாதரசக் குழல்களின் உற்பத்தியைப் படிப்படியாக 2027-க்குள் முடித்துக்கொள்ள இசைந்தன. எனினும் பழைய வீடுகளிலும் மதரஸாக் கூடங்களிலும் அவை இன்னும் எரிந்துகொண்டிருக்கின்றன. நல்ல குழலைப் பழுதென்று எறிந்தால் பணம் போவதோடு, உடைந்த குழலின் பாதரசம் பிள்ளைகள் விளையாடும் மண்ணில் சேரும்.

பொருளை மாற்றுவது எளிது. பொறுமையாய்க் காரணம் தேடுவது சற்றுக் கடினம். ஏழையின் காசைக் காப்பது அந்தக் கடினமான வேலைதான்.