கருவி சொன்ன கணக்கு

கல்வி கற்கப் பொருள் மட்டும் போதாது. ஐயம் நேர்ந்தபோது கேட்டுத் தெளிய ஓர் ஆளும் வேண்டும். பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த குடும்பங்களில் அந்த ஆள் வாய்ப்பது அரிது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிடுகிறோம். அவர்கள் கொண்டுவரும் ஏட்டைத் திறந்தாலோ, நமக்கு எழுத்தும் புரிவதில்லை, எண்ணும் புரிவதில்லை. இரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் எண்களோடு உழலும் நம் நிலையும் அதுவே. பத்தாம் வகுப்போடு நின்ற கல்வி கூட்டலுக்கும் வகுத்தலுக்கும் போதும். ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் போதுமா?

இக்கேள்வி அண்மையில் நம் வீட்டிலேயே எழுந்தது. தாராவியில் வாழும் நம் தமக்கையின் மகள் கல்லூரியில் கணிதம் பயில்கிறாள். அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதற்பெண் அவள். கணித மேதை இராமானுஜன் 1914-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையிலிருந்து, ‘பை’ என்னும் வட்ட விகிதத்திற்குரிய ஒரு சூத்திரத்தை வகுப்பில் விளக்குமாறு அவளுக்குப் பணித்திருந்தனர். “இதை யாரிடம் மாமா கேட்பது?” என்றாள். கேட்க ஆளில்லாமையால், கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுத் துணையைக் கேட்டோம்.

அது தமிழிலேயே விடை தந்தது. ‘சிக்மா’ என்னும் கிரேக்க எழுத்து, பின்வரும் உறுப்புகளை எல்லாம் கூட்டுக என்னும் கட்டளையாம். எண்ணுக்குப் பின் நிற்கும் வியப்புக்குறி, அவ்வெண்ணிலிருந்து ஒன்று வரை இறங்கிப் பெருக்குக என்பதாம். 4-க்குப் பின் அது நின்றால் 24. தொடரின் முதல் உறுப்பை மட்டும் கொண்டால் சூத்திரம் மிகச் சுருங்கிவிடுகிறது: 1103-இன் இருமடங்கை 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, வந்த தொகையால் 9801-ஐ வகுக்க வேண்டும். அச்சமூட்டிய சூத்திரம் அலுவலகக் கணக்காகிவிட்டது!

“முதல் உறுப்பே எட்டுத் தசம இடங்கள் வரை சரியான விடை தரும்” என்றும் அத்துணை கூறிற்று. பெண் அதை அப்படியே ஏட்டில் எழுதலானாள். கூட்டிப் பாராமல் கையொப்பமிடுவது நம் தொழிலில் வழக்கமன்று. ஆகவே வகுத்துப் பார்த்தோம். வந்தது 3.14159273, மெய்யான மதிப்போ 3.14159265. ஆறு இடங்களே ஒத்தன. ஏழாம் இடத்தில் பிரிந்தன. அதைச் சுட்டியதும் கருவி தன் பிழையை ஒப்புக்கொண்டது. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வோர் உறுப்பும் ஏறத்தாழ எட்டு இடங்களை மிகுவிக்கும் என்பதே சரி என்றது. அதையும் நம்பிவிடாமல் இரண்டாம் உறுப்பைச் சேர்த்தோம். கணிப்பான் காட்டிய பத்துத் தசம இடங்களும் ஒத்தன.

சூத்திரத்தின் முழு நிறுவலும் அக்கட்டுரையிலேயே உள்ளது என்றும் கருவி உறுதியாகச் சொல்லிற்று. ஏட்டைப் புரட்டினோம், இல்லை. 1985-இல் கோஸ்பர் என்பார் இச்சூத்திரத்தைக் கொண்டே ‘பை’யின் மதிப்பை ஒரு கோடியே எழுபது இலட்சம் இடங்கள் வரை கணித்தார். போர்வைன் சகோதரர்களின் நிறுவல் 1987-இல் வெளிவந்தது. நம் பெண் வகுப்பில் உரைத்தது, கருவி சொன்னதையன்று. தன் கையால் வகுத்துக் கண்டதை.

இராமானுஜனும் மெட்ரிக்குலேஷன் தேறி, கல்லூரித் தேர்வில் தோற்றவரே. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தரானார். இளமையில் அவர் கைக்குக் கிடைத்தது கார் என்பார் தொகுத்த நூல். அதில் சூத்திரங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, நிறுவல்களோ அரிது. அவர் அவற்றை மனனம் செய்துவிட்டு அமரவில்லை. ஒவ்வொன்றையும் தாமே நிறுவ முயன்றார். அம்முயற்சியே அவரை ஆக்கியது. அவருடைய குறிப்பேடுகளை 1957-இல் இரு தொகுதிகளாக வெளியிட்டது, இதே மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி.

அன்பர்களே, இக்கருவியை விலக்கவும் வேண்டா; தொழவும் வேண்டா. நள்ளிரவிலும் சலிப்பின்றி விடை கூறும் துணை, ஏழை மாணவருக்குச் சிறிய பேறன்று. ஆயினும் அது சொல்வதைச் சரிபார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு நாம்தான் ஊட்ட வேண்டும். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் பொறுமையும் போதும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நம் சங்கத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து கணக்குப் பார்க்க முன்வருவோர் எவரேனும் உளரோ? நாம் முதலில் பெயர் கொடுக்கிறோம்.